ஆனைக்குட்டத்தில் நான் ஓடிய மூன்று சுற்று

என் வாழ்நாளில் நான் உடற்பயிற்சிக்காக ஓடியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய்ச் சொல்கிறேன். கல்யாண வீடு, காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தோளில் கை போட்டு, "அண்ணாச்சி, அந்த ஓட்டத்தை ஒருக்காச் சொல்லுங்களேன்" என்கிறார். கருமாதி வீட்டில்கூடக் கேட்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவரிடம் காகிதத்தை நீட்டிவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு வீடு ஆமத்தூரில். ஆனைக்குட்டம் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன் வேலை. (எங்கள் பக்கத்தில் அதை ஃபயர் ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் என்றதும் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற உத்தியோகம் என்று நம்பிப் பெண் கொடுத்தவர் என் மாமனார்.) அறை அறையாகப் போய், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா, வாசலில் வாளித் தண்ணீர் இருக்கிறதா, எவனாவது பீடிக்கட்டை மடியில் செருகியிருக்கிறானா என்று பார்ப்பதுதான் வேலை. பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு களைப்பு வந்தது. சாதாரணக் களைப்பு இல்லை. காலையில் எழுந்ததுமே மறுபடி படுக்கலாமா என்று தோன்றும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், குடித்ததை எல்லாம் மணிக்கொருதரம் கருவேல மரங்களுக்குத் தானம் செய்தேன். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கண்ணாடியை மாற்றியும் பேப்பரில் எழுத்து கலங்கியது. வயசாகிறது, சீசன் வேலை வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மனைவி முருகேஸ்வரிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. விருதுநகருக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்துவிட்டாள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்திலேயே சர்க்கரை இருநூற்று எண்பது இருந்தது.

"வீட்ல வேற யாருக்காவது சுகர் இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"அப்பாவுக்கு இருந்துச்சு. அத்தைக்கும் இருந்துச்சு."

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"எல்லாரும் சாப்பிடுறதுதான் டாக்டர்" என்றேன்.

"எல்லாரும் ராத்திரிக்கு ஆறு எண்ணெய்ப் புரோட்டாவா சாப்பிடுறாக?" என்றாள் முருகேஸ்வரி.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அப்பா வழியில் வந்தது பாதி, நானாகச் சேர்த்துக்கொண்ட தொப்பை பாதி. கணையம் இன்சுலினைச் சுரந்து, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி உடம்புக்குக் கட்டளை போடுகிறது. உடம்போ கேட்க மாட்டேன் என்கிறது. "கணையம் கத்திக்கிட்டேதான் இருக்கு. உடம்புதான் காதுல வாங்கல. இப்படியே போனா ஒருநாள் அதுவும் ஓஞ்சுபோயிரும்" என்றார்.

"எங்க வீட்டு நடப்பும் இதேதான் டாக்டர்" என்றாள் முருகேஸ்வரி.

வேளைக்கு ஒரு மாத்திரை. தினமும் முக்கால் மணி நேர நடை. தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியை இரட்டிப்பாக்க வேண்டும். மாதம் ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். "இதுல குறையலைன்னா இன்சுலின் ஊசி போட்டுக்கலாம்" என்று கடைசியாகச் சொன்னார். முன்னால் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, இந்த ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இன்சுலின் என்று தெரிந்தால், "ஊசிக்கு வந்துட்டாரா, பாவம்" என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்தத் தாழ்ந்த குரலில் என் பெயர் அடிபடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் தெருவே வைத்தியராகிவிட்டது. ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு. ஒருவர் வெண்டைக்காயைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னார், இன்னொருவர் அதைக் குடித்தவர் செத்துப்போன கதையைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

முருகேஸ்வரி மட்டும் யோசனை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்கு டீ என்றால் உயிர். மூன்று கரண்டிச் சீனி போட்டு, டம்ளரின் அடியில் தேங்கியதை விரலால் வழித்துச் சாப்பிடுகிறவள். "நீங்க சப்புன்னு குடிக்க, நான் மட்டும் இனிக்க இனிக்கக் குடிக்கவா? எனக்கும் வேண்டாம்" என்று அன்றிலிருந்து சீனி இல்லாத டீதான். முதல் மடக்கில் முகம் கோணும். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவளுக்குத்தான் நான் ஐந்து மாதம் துரோகம் செய்தேன். எங்கள் தொழிலில் ஆபீசர் ஆய்வுக்கு வருகிற தேதி முன்கூட்டிக் காதில் விழுந்துவிட்டால், மூன்று நாளில் எல்லாவற்றையும் சீராக்கிவிடுவோம். வாளி நிரம்பும், மணல் சலிக்கப்படும், மரத்தடியில் பாய் விரித்து வேலை செய்தவர்கள் அறைக்குள் போவார்கள். ஆபீசர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுப் போன மறுநாள் பாய் மறுபடி மரத்தடிக்கு வந்துவிடும். என் ரத்தத்தையும் நான் அப்படியே நடத்தினேன். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னால் மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, கீரையும் மோருமாக இருப்பேன். ரிப்போர்ட் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று வரும். ஆஸ்பத்திரிப் படி இறங்கியதும் பழைய கதைதான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடையில் சீனிப்பாகில் ஊறிய இரண்டு பால்பன், சீனி தூக்கலாக ஒரு டீ, ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். (கருப்பட்டி பனைமரத்தில் இருந்து வருவது, அது கணக்கில் வராது என்பது என் சொந்தச் சட்டம்.) மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு ரத்தப் பரிசோதனையை டாக்டரம்மா எழுதித் தந்திருந்தார். அந்தச் சீட்டை இரண்டு தடவை தொலைத்தேன்.

முருகேஸ்வரி ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள். "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் இன்னும் இப்படிச் சோந்து சோந்து கெடக்கீக?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். வேலையில் லோடு அதிகம் என்பேன்.

ஆறாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் சின்ன முதலாளி ஒரு வேனோடு வந்து இறங்கினார். முதலாளியின் மகன், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எனக்கு வினையாக வந்தது.

"அண்ணாச்சி, இன்னிக்கு எல்லாருக்கும் சுகர், பிரஷர் டெஸ்ட். ஆபீஸ் வராந்தாவுல கேம்ப் போட்டாச்சு. ஒவ்வொரு ரூமா ஆளக் கூப்பிடுங்க" என்றார்.

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னா ஊசிக்குப் பயந்து பாதிப் பேர் லீவு போட்டுருவாகளே! நீங்க மொதல்ல கைய நீட்டுங்க, உங்களப் பாத்துத்தான் பொம்பளையாளுக வருவாக. ரிசல்ட்டு வீட்டுப் போனுக்கே மெசேஜாப் போயிரும். நம்மகிட்டதான் எல்லார் வீட்டு நம்பரும் இருக்கே."

என் பெயருக்கு நேரே இருப்பது முருகேஸ்வரியின் நம்பர். அன்று காலை பால்பன் இரண்டல்ல, மூன்று. இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த மூன்றும் ஆமத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"நீங்க ஆரம்பிச்சுக்கிட்டு இருங்க, நான் உள்ள ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன். அரை மணி நேரம்" என்று நழுவினேன்.

ஆபத்து நேரத்தில் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். நடந்தால் சர்க்கரை குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஓடினால் சட்டென்று குறைய வேண்டும்தானே? ஐந்து மாதம் நடக்காமல் விட்டதை எல்லாம் அரை மணி நேரத்தில் ஓடித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடைசி வரிசை அறைகளுக்குப் பின்னால், கம்பி வேலியை ஒட்டி ஒரு மண் தடம் உண்டு. அங்கே யாரும் வருவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபயர் ஆபீஸுக்குள் யாரும் ஓடுவதில்லை. மழை கொட்டினாலும் நடந்துதான் வருவோம், பாம்பைப் பார்த்தாலும் நடந்துதான் விலகுவோம். அங்கே ஒருவர் ஓடுகிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வேலைக்குச் சேருகிற முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது போர்மேன். அதாவது நான்.

முதல் சுற்றில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் விலா பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் வேலியோரம் நெருஞ்சி முள் குத்தவே, தடத்தை விட்டு அறைகளின் ஓரமாக ஒதுங்கி ஓடினேன். அங்கே வாசலில் உட்கார்ந்து பூச்சட்டிப் புஸ்வாணத்துக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள் பாண்டியம்மா. பல வருஷம் முன்னால் வேறொரு கம்பெனியில் நடந்த விபத்தில் ஓடத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போன தங்கச்சியைப் பறிகொடுத்தவள். அவள் தலை நிமிர்ந்தாள். வாய் பிளந்து, கண் பிதுங்கி, வேர்வை ஒழுக ஓடிவருகிற போர்மேனைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, உட்காரு என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் கையாட்டலை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்ல வேண்டுமா?

"ஏத்தா, ஓடுங்கடீ!"

அவ்வளவுதான். இந்த அறையில் இருந்து நாலு பேர், அந்த அறையில் இருந்து நாலு பேர் என்று நிமிஷத்தில் நூறு பேர் வெளியே பாய்ந்துவிட்டார்கள். நான் பதறிப்போய், "ஓடாதீங்க! ஓடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். போர்மேன் கத்திக்கொண்டு துரத்தி வந்தால் யார் நிற்பார்கள்? இன்னும் வேகமாக ஓடினார்கள். பின் கேட் பக்கம் போனவர்கள், அது சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கக் கண்டு அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த அலறலைக் கேட்டதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் இப்படி ஓடுகிறார்கள் என்றால் சும்மாவா ஓடுவார்கள்? நிஜமாகவே எங்கேயோ பற்றிக்கொண்டுவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெண்களை எல்லாம் முந்திக்கொண்டு முன் கேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான்.

எங்களைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் ஓடினார்கள். அவர்களில் யாரோ போன் செய்ய, "ஆனைக்குட்டத்துல ஃபயர் ஆபீஸ் வெடிச்சுருச்சு" என்று செய்தி ஒரு பக்கம் ஆமத்தூர், மறுபக்கம் தாயில்பட்டி வரைக்கும் போய்விட்டது. தொழிலாளிகளின் போன்களை எல்லாம் காலையில் கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்போம். அந்தப் பெட்டிக்குள் நூறு போனும் ஒன்றாக அடித்தன. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதைச் சொல்லி நான் சிரித்ததில்லை.

சின்ன முதலாளி வெளிறிப்போய் வந்தார். "எந்த ரூம் அண்ணாச்சி? எந்த ரூம்?"

நூறு பேரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கடைசி வரிசைப் பக்கம் புகை மாதிரி தெரிஞ்சுது" என்றேன். தீயணைப்பு வண்டி வந்தது. நாலு வீரர்கள் அந்தப் பொல்லாத வெயிலில் அறை அறையாகத் தேடினார்கள். நான் நிற்க முடியாமல் கல்லில் உட்கார்ந்தேன். கேம்ப்புக்கு வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கேட்காமல் கொள்ளாமல் விரலில் குத்திவிட்டார்.

"ஐயோ, நானூத்து முப்பத்தெட்டு! உங்களுக்குச் சுகர் இருக்குன்னு தெரியுமா?"

"இப்பத்தான் ஓடிட்டு வந்தேன். கொறைஞ்சிருக்கணுமே?" வாய் தவறி வந்துவிட்டது.

"இம்புட்டு இருக்கும்போது ஓடவே கூடாதுங்க, இன்னும் ஏறும். பயந்தாலும் ஏறும்" என்றார் நர்ஸ்.

முட்டியில் சிராய்ப்போடு பக்கத்தில் நின்ற பாண்டியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாச்சி, அப்ப நீங்க தீயப் பாத்து ஓடலையா? சுகரக் கொறைக்கவா ஓடுனீக?"

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் தெருப் பையன் ஒருவனின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த முருகேஸ்வரி, வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள். காலில் செருப்பு இல்லை. கையில் தோசைக் கரண்டி. (அது எதற்கு என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.) கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இருக்கீகளா? இருக்கீகள்ல?"

"இருக்கேன் முருகு. ஒண்ணும் ஆகல."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "வர்ற வழி பூரா எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க மனசுல. அஞ்சு மாசமா இந்த மனுசன் வாயக் கட்டிப் போட்டேனே, ஆசையா ஒரு டீ போட்டுக் குடுக்கலையே, அப்படியே அனுப்பிட்டேனேன்னு..." என்று விம்மினாள்.

சின்ன முதலாளியிடம் பொய் சொன்னேன், தீயணைப்புக்காரர்களிடம் பொய் சொன்னேன், டாக்டரம்மாவிடம் ஐந்து மாதம் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் என்னால் முடியவில்லை.

"நான் குடிச்சேன்" என்றேன்.

"எதை?"

"டீ. தெனமும். சீனி போட்டு. பால்பன்னும்... இன்னிக்கு மூணு."

சரியாக அந்த நேரம் பார்த்து அவள் போனில் மெசேஜ் வந்தது. நானூற்று முப்பத்தெட்டு. படித்தாள். என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். திட்டுவாள், கரண்டியால் ஒரு போடு போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்ததும் வியாபாரத்துக்கு வந்து நின்ற டீக்காரரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு டீ. மூணு கரண்டி சீனி."

நூறு பேருக்கு முன்னால், என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகக் குடித்தாள். அடியில் தேங்கியதை விரலால் வழித்தாள்.

"இன்னொண்ணு போடுங்கண்ணே" என்றாள்.

இரண்டாவது டம்ளரையும் அடி வரைக்கும் வழித்தாள். அப்புறம் பாண்டியம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்தக் காட்டில் சிரிக்காதவர்கள் என்னையும் சின்ன முதலாளியையும் சேர்த்து இரண்டு பேர்தான். நானே தீயணைப்புக்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான். பின் கேட் சங்கிலியை மறுநாள் நானே அறுத்து எறிந்தேன். பாய் மறுபடி மரத்தடிக்குப் போகவில்லை. ஆபீசர் எந்தத் தேதிக்கு வருகிறார் என்று நான் விசாரிப்பதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே டாக்டரம்மாவிடம் போனோம். அந்த மூன்று மாதப் பரிசோதனையை அவர் முன்னாலேயே எடுக்க வைத்தார். அதில் நான் தின்றதெல்லாம் பத்திரமாக இருந்தது. இன்சுலின் எழுதினார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இது தண்டனை இல்லைங்க. ஓஞ்சுபோன கணையத்துக்கு ஒத்தாசை, அம்புட்டுதான்" என்றார். ஊசியா அது! எறும்பு கடித்தால்கூட இதைவிட வலிக்கும். மூன்றே வாரத்தில் தாகம் நின்றது, எழுத்து தெளிந்தது, காலையில் எழுந்தால் எழுந்தபடியே இருக்க முடிந்தது. வயசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வயசே இல்லை. இதற்குப் போய் ஊரையே ஓடவிட்டோமே என்று நினைத்தால்தான் இப்போது களைப்பாக வருகிறது.

ரத்தம் பார்க்கிற மெஷின் இப்போது முருகேஸ்வரியின் வசம். தேதி, நேரம் எதுவும் சொல்ல மாட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், திடீரென்று விரலைப் பிடிப்பாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஆமத்தூர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். அவள் எப்போதும் நாலு அடி முன்னால் போவாள். எட்டிப் பிடிக்கலாம் என்று நான் கொஞ்சம் வேகமாக எட்டு வைத்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"மெதுவா வாங்க. நாலு பேரு பாத்தா ஓடிருவாக."